முதலில் வெறுந்தண்ணி

மேடத்துக்குக் காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரை முதலில் எனக்குத்தான் வைப்பார்.

“அக்கா, கையக் கொஞ்சம் தூக்குங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்களே மேடம்.”

“அதுக்குத்தான். ஒண்ணும் இல்லாத ஆளுக்கு இது எவ்வளவு காட்டுதுன்னு பாக்கணும்.”

எனக்குத் தொண்ணூற்றேழு சொச்சம் காட்டியதும் துடைத்துத் தனக்கு வைத்துக்கொள்வார். நூற்றிரண்டு. உடனே நம்பிவிடுவாரா? “வெயில்ல ஸ்கூட்டி ஓட்டிட்டு வந்தேன். பத்து நிமிஷம் ஃபேனுக்குக் கீழ உக்காந்துட்டு இன்னொரு தடவ பாப்போம்” என்பார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். நான் மாத்திரையையும் தண்ணீரையும் ஏந்திக்கொண்டு கோயில் பூசாரி மாதிரி நிற்பேன். மூன்றாவது தடவையும் நூற்றிரண்டு வந்த பிறகுதான் மாத்திரை வாய்க்குள் போகும்.

என்னைவிட ஆறு வயது சின்னவர். பேருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்கிற படிப்பு. அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஆனவர், அதனால் மேடம் வளர்ந்ததெல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். நான் எட்டாவதோடு நின்றவள். குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் போய் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஊர் எனக்கு. மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடியில் ஒரு டிரஸ்ட் வைத்திருந்த தண்ணீர் லேபில் பாட்டில் கழுவுவது, பெருக்குவது, சுற்று ஊர்க் கிணறுகளில் போய்த் தண்ணீர் பிடித்து வருவது என் வேலை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்கள். புதுப்பிக்கிற மாசம் எனக்குச் சோறு இறங்காது.

நான் பயந்தவள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஸ்டாப் வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருவேன். காஸை மூடிவிட்டு, மூடியதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தொட்டபோது திறந்துவிட்டோமோ என்று மறுபடி தொடுவேன். மேடமும் எல்லாவற்றையும் மூன்று தடவை பார்ப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம்ம ஜாதி ஒரு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவர் தெரிந்துகொள்வதற்காகத் திரும்பிப் பார்ப்பார். நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்த லேபில் இருந்தது ஒரே மெஷின். முழுப்பேர் சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ். அது என் வாயில் நுழைய மூன்று மாசம் ஆனது. மேடம் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன். சின்னக் கண்ணாடிச் சில்லு ஒன்று. அதன்மேல் ஊதினால் பறந்துவிடும் போலத் தங்கப் பூச்சு. அடியிலிருந்து ஒரு வெளிச்சம் தங்கத்தில் பட்டுத் திரும்பும். மேலே தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிற தண்ணீரில் இருக்கிற எதுவாவது தங்கத்தின்மேல் ஒட்டினால், கண்ணுக்கே தெரியாத அளவுதான் என்றாலும், திரும்புகிற வெளிச்சத்தின் கோணம் மாறும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு மேலே ஏறும். ஒட்டவில்லை என்றால் கோடு படுத்தே கிடக்கும்.

தண்ணீர் ஓட இரண்டு வாய்க்கால். ஒன்றில், நாங்கள் கிணறுகளில் தேடுகிற பாதரசத்தை மட்டும் பிடிக்கிற மருந்து தடவியிருக்கும். மற்றதில் எதையும் ஒட்டவிடாத மருந்து. அது சாட்சிக்கு. முதல் வாய்க்கால் மட்டும் ஏறினால் தண்ணீரில் பாதரசம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஏறினால் வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவைத் துரத்துவதிலேயே மேடத்தின் பாதி நாள் போகும்.

கோடு ஏறினால் மற்றவர்களுக்குச் சந்தோஷம் வரும். மேடத்துக்கு முகம் சுருங்கும். மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, “இது தண்ணில இருந்து வந்துச்சா, நம்ம கைல இருந்து வந்துச்சா?” என்பார். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். “மொதல்ல வெறுந்தண்ணி வைங்க அக்கா.” ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரை அதே பாட்டிலில், அதே குழாயில், அதே வேகத்தில் ஓட்டிப் பார்ப்பது. அவர்கள் படிப்பில் அதற்கு பிளாங்க் என்று பேர். நான் வெறுந்தண்ணி என்று சொல்லிச் சொல்லி அவருக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. வெறுந்தண்ணிக்கும் கோடு ஏறினால் தப்பு நம்மிடம்.

பார்த்துப் பார்த்து எனக்கே கோட்டின் சாடை பிடிபட்டது. ஆணி அடித்த மாதிரி சட்டென்று நின்றால் குழாயில் காற்றுக் குமிழி. பெட்டி மாதிரி நேராக ஏறி நேராக இறங்கினால் சாம்பிளின் உப்பும் உள்ளே ஓடுகிற கரைசலின் உப்பும் ஒத்துப்போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போனால் அறையில் சூடு. மேடம் என்னைப் பார்த்து, “என்னக்கா இது?” என்பார். “குமிழிங்க மேடம்” என்பேன். “இருக்கலாம். குமிழியத் தட்டி எடுத்துட்டுத் திருப்பி ஓட்டுவோம்.” சரியாகச் சொன்னாலும் எனக்கு நூறு மார்க் தரமாட்டார்.

ஒரு சமயம் தினமும் மதியம் கோடு லேசாக மேலே எழும்பி இறங்கியது. காலையில் இல்லை, சாயங்காலம் இல்லை, மூன்று மணி வாக்கில் மட்டும். மேடம் கரைசலை மாற்றினார். குழாயை மாற்றினார். ஏசிக்காரரைக் கூப்பிட்டார். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினார். ஒன்பதாவது நாள் ஸ்டூலைப் போட்டுக் கதவுக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டரையிலிருந்து அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்து டீயோடு உள்ளே வந்தேன். கோடு எழும்பியது.

“அக்கா,” என்றார். “நீங்கதான்.”

வெளிச்சூடு கதவு வழியாக உள்ளே வந்து, ஒன்பது நாள் வேலையை நான் கெடுத்திருக்கிறேன். வேலை போச்சு என்று கண்ணீரே வந்துவிட்டது. மேடம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து டீயை வாங்கிக்கொண்டார். “நல்லவேள, கண்டுபிடிச்சோம். இனிமே டீய மாடிப்படியில உக்காந்து குடிப்போம்.” அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு வார்த்தை இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேரும் மாடிப்படியில்தான் டீ குடித்தோம்.

இதை எதற்கு இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், தப்பை ஒத்துக்கொண்டால் அவர் கடித்துத் தின்றுவிடமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பின்னால் நடந்தது.

அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் இந்தக் குணம்தான் காரணம் என்று அவர் அம்மாவே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து மாப்பிள்ளை, பேங்க் உத்தியோகம். பெண் பார்க்க வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, அங்கேயே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். மேடம் தனியாகப் பேச வேண்டும் என்று கூப்பிட்டு, “இன்னிக்கு நீங்களும் சட்டைய அயர்ன் பண்ணிட்டு வந்திருக்கீங்க, நானும் பட்டுச்சேல கட்டியிருக்கேன். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வாங்க, அப்பவும் பிடிச்சிருந்தா பேசுவோம்” என்றாராம். மாப்பிள்ளை வரவே இல்லை.

“வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“வரலியே அக்கா. அப்ப முதல்ல வந்தது குமிழிதான்.”

சென்னையிலிருந்து மாசம் ஒரு தடவை வருவார் எங்கள் சார். பிராஜெக்ட் தலைவர். அவருக்கு மேடத்தைக் கண்டால் ஆகாது. “யம்மா, ஒரு கிணத்துக்கு ஒரு மாசம்னா நான் கவர்மென்ட்டுக்கு என்ன பதில் சொல்றது? இருக்கு, இல்ல. ரெண்டுல ஒண்ணச் சொல்லு. கோழி முட்டையில மயிர் புடுங்காத” என்பார். மேடம் தலையைக் குனிந்துகொண்டு, “நாளைக்கு இன்னொரு தடவ ஓட்டிட்டுச் சொல்றேன் சார்” என்பார். எனக்கு முன்னால் என் வேலையில் இருந்தவர் இரண்டு பாட்டிலில் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டார் என்று சார் அவரை நின்ற இடத்திலேயே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார். சேர்ந்த முதல் நாளே எனக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் எங்கள் ஊர்க் கிணற்றின் முறை வந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீர் நாலைந்து வருஷமாகச் செவப்பாக வருகிறது. வாயில் வைத்தால் ஆணியை நக்கின மாதிரி இருக்கும். எதனால் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பைப் போட்டு நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று ஊரே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்திருந்தது. விசாரித்து முடிக்கும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் டேங்கர் லாரி வரும், லேப் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பைப்பை முடிவு செய்வோம் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். அந்த லேப் எங்கள் லேப்தான். நான் அங்கே வேலை செய்கிறேன் என்பதில் ஊருக்கு ஒரே பெருமை. பக்கத்து வூட்டு செல்வி தெருவில் நின்று கத்துவாள். “யக்கா, ஒன் கையிலதான் பைப்பு இருக்குது, பாத்துக்கோ!”

தண்ணீர் பிடிக்கப் போன அன்று வாளியை இறைத்தேன். செவப்பு. அடியில் சேறு மாதிரி சுழன்றது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தத் தண்ணீரை மேடம் கையில் எப்படிக் கொடுப்பது? எங்கள் ஊரில் வெளியாளுக்குக் கலங்கின தண்ணீரைக் கொடுக்கமாட்டோம். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் என்றாலும் துணியில் வடிகட்டித்தான் சொம்பை நீட்டுவோம். அது கை பழகிப்போன வேலை. கொழுந்தன் வூட்டு விசேஷத்துக்கென்று என் வீட்டுக்காரருக்குக் குறிஞ்சிப்பாடியில் ஒரு ஜோடி நெசவுத் துண்டு எடுத்திருந்தேன். பழைய துணியில் வடிகட்டினால் அசிங்கம் என்று அதில் ஒன்றைப் பிரித்து, நாலாக மடித்து, பாட்டில் வாயில் பிடித்து ஊற்றினேன். தண்ணீர் பார்க்க நன்றாக இருந்தது. லேபிலும் ஒரு சின்ன ஃபில்டரில் வடிகட்டித்தானே மெஷினுக்குள் விடுகிறார்கள், அதை நாம் கொஞ்சம் முன்னாலேயே செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அன்றைக்கு வேறு எதுவும் மனதில் இல்லை.

கோடு ஏறியது. இரண்டு வாய்க்காலிலும் ஏறியது. மெதுவாக, வழவழவென்று ஏறி, அப்புறம் இறங்க மறுத்தது. வேறு கரைசல் விட்டுக் கழுவியும் முழுதாகப் போகவில்லை. அப்படி ஒரு கோட்டை நாங்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை.

“இது குமிழி இல்ல,” என்றார் மேடம். “உப்பும் இல்ல. சூடும் இல்ல. ஏதோ ஒண்ணு அப்பிக்குது.”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். அதே துண்டு, அதே மடிப்பு. மறுபடியும் ஏறியது, முன்னைக்குக் கொஞ்சம் குறைச்சலாக. “குறையுதே. நடுவுல மழை பெஞ்சுச்சா அக்கா?” என்றார். பெய்திருந்தது. அதை நோட்டில் எழுதிக்கொண்டார். பின்னால்தான் எனக்குப் புரிந்தது. துண்டு ஒரு தடவை நனைந்ததால் வந்த குறைச்சலுக்கு வானத்தில் காரணம் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம். புதுச் சில்லு போட்டார். கரைசலைப் புதிதாகக் கலந்தார். குழாய் அத்தனையும் கழற்றி மாட்டினார். முந்தின சாம்பிளின் மிச்சம் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று நடுநடுவே வெறுந்தண்ணி. வெறுந்தண்ணிக்குக் கோடு படுத்துக் கிடந்தது. ஒரு பெரிய நோட்டில் ஒவ்வொரு சந்தேகமாக எழுதி, சோதித்து, எதிரே டிக் போட்டுக்கொண்டே வந்தார். ஒரு நாள் மாடிப்படியில் டீ குடிக்கும்போது கேட்டார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. தண்ணிய எப்படிப் பிடிச்சீங்க?”

“வாளியில எறச்சி, நேரா பாட்டில்லதாங்க மேடம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? வடிகட்டினேன் என்றால், ஏன் என்று கேட்பார். செவப்பாக, சேறாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அவர் முகம் சுளிக்குமோ என்று ஒரு கூச்சம். அவ்வளவு அற்பமான காரணம்தான்.

நோட்டைத் திறந்தார். ‘தண்ணீர் பிடித்த விதம் – சரி – அக்கா’ என்று எழுதி டிக் போட்டார். அந்த நோட்டில் சோதித்துப் பார்க்காமல் போட்ட டிக் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துண்டை அலசினேன். பக்கெட்டில் தண்ணீர் பால் மாதிரி வெளுத்தது. விரல் இடுக்கில் வழவழப்பு. நூல் அறுந்துபோகாமல் இருக்கத் தறியில் ஏற்றுமுன் பாவுக்குப் போடுகிற கஞ்சியும் எண்ணெயும். மெதுவாக, வழவழவென்று ஏறி, இறங்க மறுத்த கோடு என் விரலில் இருந்தது.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். மாடி ஏறும்போதே சார் குரல் கேட்டது. அந்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம். “மூணு வாரமா ஒரு கிணத்த வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ற? ஒங்க ரெண்டு பேரையும் வெச்சு நான் மாரடிக்கவா?” ஒங்க ரெண்டு பேரையும். அந்த ஒரு வார்த்தையில் என் வாய் பூட்டிக்கொண்டது.

சார் போன பிறகு மேடம் ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தார். நிறைய வெறுந்தண்ணி.

“இதுதான் கடைசிச் சோதனை அக்கா. இத ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. கிணத்தடியில வெச்சு, கிணத்துத் தண்ணிக்கு என்னென்ன பண்றீங்களோ அத்தனையும் இதுக்கும் பண்ணுங்க. அந்த வாளி, அந்தக் காத்து, அந்தக் கை. ஒண்ணு விடாம. கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில், இது ஒரு பாட்டில், ரெண்டும் கொண்டாங்க. இதுவும் ஏறுச்சுன்னா தப்பு வழியில. இது ஏறல, அது ஏறுச்சுன்னா கிணத்துலயே ஏதோ இருக்கு.”

எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள். துண்டைக் கண்ணால் பார்க்காமலே துண்டுக்கு வலை விரித்துவிட்டார். வலையின் நுனி மட்டும் என் கையில் இருந்தது.

கிணற்றடியில் செல்வி நின்றுகொண்டிருந்தாள். “இன்னாக்கா, ஒங்க மேடம் மிஷினு இன்னமும் யோசிச்சிக்கினே கீதா? ஏறிச்சின்னா நமக்குப் பைப்பு வருமாமே? நல்லா ஏறட்டும்க்கா.”

அவள் சொன்னதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ஏறினால் ஊருக்குப் பைப். ஏறாவிட்டால், முன்னே இரண்டு தடவை ஏன் ஏறியது என்ற கேள்வி என்மேல் வரும். ஜோடியில் மற்றத் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருந்தேன். செருகிக்கொண்டு போனபோதே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரைப் புதுத் துண்டில் வடிகட்டினேன். வெறுந்தண்ணி பாட்டிலின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் காற்றுப் படவிட்டு, அப்படியே மூடிவிட்டேன்.

வெறுந்தண்ணிக்குக் கோடு அசையவில்லை. கிணற்றுத் தண்ணீருக்கு முதல் தடவை போலவே ஏறியது. மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அப்ப இது நம்ம கை இல்ல அக்கா. கிணத்துலதான் இருக்கு.”

ரிப்போர்ட்டில் பாதரசம் இல்லை என்றுதான் எழுதினார். அதோடு நிறுத்தியிருந்தால் சாருக்கும் சந்தோஷம். நிறுத்தவில்லை. ‘நாம் தேடாத ஏதோ ஒன்று இந்தத் தண்ணீரில் இருக்கிறது. அது என்னவென்று தெரியும்வரை யாரும் குடிக்கக் கூடாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை எடுத்துவிடச் சொல்லி சார் கத்தினார். எத்தனையோ தடவை தலை குனிந்து நின்ற மேடம் அன்றைக்குக் குனியவில்லை. “அஞ்சாறு மாசம் லேட்டானாலும் பொய் சொல்லமாட்டேன் சார். இது நிஜமான சிக்னல்.”

கடலூரில் எங்கள் ஊர் மனுமேல் விசாரணை. தண்ணீர் பிடித்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இன்னொரு லேபின் ரிப்போர்ட்டும் இருந்தது. அவர்கள் ஆளை அனுப்பிப் பிடித்த தண்ணீர், பெரிய மெஷின். பாதரசமும் இல்லை, ஒட்டுகிற எதுவும் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஆபீசர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஏதோ இருக்குன்னு எழுதியிருக்கீங்க. ஏதோன்னா என்னம்மா? ஏதோவுக்கெல்லாம் பைப் போட முடியுமா?”

“அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் சார் நேரம் கேக்கறேன்.”

“ஒங்க மெஷின் ஒளறியிருக்கு. இல்ல, தண்ணி புடிச்சதுல கோளாறு.” என் பக்கம் திரும்பினார். “ஒழுங்காப் புடிச்சியாம்மா?”

“புடிச்சேங்க.”

“அவங்க கையில நான் சந்தேகப்பட்டதே இல்ல சார்,” என்றார் மேடம். “கோளாறுன்னா அது என்னோடதாத்தான் இருக்கும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது டைல்ஸ். இன்றைக்கும் அந்த டைல்ஸின் பூவை எனக்கு வரைந்து காட்ட வரும்.

புகாரில் உண்மையில்லை என்று மனு முடிந்தது. அடுத்த வாரமே டேங்கர் நின்றது. இரண்டு லேப் பார்த்துவிட்ட தண்ணீரை மூன்றாவதாக யார் வந்து பார்ப்பார்கள்? தெளியவைத்துத் தெளியவைத்து அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊர் குடிக்கிறது. ரொம்பக் கெட்டதா, வெறும் துருவா, ஒன்றும் தெரியாது. கேட்டால், பார்த்தாச்சே என்பார்கள். செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பேசினால், “ஒங்க மேடம் ஆபீசருங்ககிட்ட வாங்கிக்கினு கவுத்துட்டா” என்பாள். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

மார்ச்சோடு பிராஜெக்ட்டை மூடினார்கள். என் வேலையும் போனது. எதைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு இருந்தேனோ, அது எட்டு மாசம்கூட நிலைக்கவில்லை. கடைசி நாள் மெஷினுக்குத் துணி போட்டு மூடினோம். மேடம் அந்தப் பெரிய நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். “எங்கயோ என் கையிலதான் தப்பு அக்கா. அது எங்கன்னுதான் பிடிபடல” என்றார். அப்பாவும் ரிட்டயர் ஆகியிருந்தார். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிக்கொண்டு கோவில்பட்டிக்கே போய்விட்டார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். “ஒங்க மெஷின் ஒளறுது” என்று பேர் வாங்கினவருக்கு வேறு லேபில் யார் வேலை கொடுப்பார்கள்?

ஆனால் போன் செய்வார். மூன்று மாசம், நாலு மாசத்துக்கு ஒரு தடவை. நலம் விசாரிக்க இல்லை.

“அக்கா, அந்தப் பாட்டில் மூடிக்குள்ள வெள்ளையா ஒரு வட்டம் இருக்குமே, அது ரப்பரா, பிளாஸ்டிக்கா?”

“பிளாஸ்டிக்குங்க மேடம்.”

இன்னொரு தடவை, “வாளிக்கயிறு நைலானா, தேங்கா நாரா? நார்ல இருந்து ஏதாவது எறங்கும்.” இன்னொரு தடவை, “அந்த வாரம் கிணத்துக்கு யாராவது பிளீச்சிங் போட்டாங்களா?” பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் என் நாக்கில் பதில் தயாராக இருக்கும். இல்லீங்க மேடம். இல்லீங்க மேடம். அவர் நோட்டில் ஒவ்வொரு டிக்காக விழுந்துகொண்டே வரும் என்று எனக்குத் தெரியும். மூடி, வாளி, கயிறு. துணி வரை வர இன்னும் எத்தனை போன் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

போன ஆடியில் ஒரு நாள் மதியம். இப்போது நான் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்க்கிறேன். ஈரக் கையோடு போனை எடுத்தேன்.

“சும்மாதான் பண்ணேன் அக்கா. நல்லாருக்கீங்களா? மக நல்லாருக்காளா?”

“இருக்கறோங்க மேடம். ஏதோ ஓடுது.”

“இன்னும் அந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறீங்களா?”

குரலில் அவ்வளவு அக்கறை. அதில்தான் அசந்துபோனேன். அவருக்குக் கவலை வேண்டாமே என்றுதான் சொன்னேன்.

“வேற எங்க போறது மேடம்? எப்பவும் போல துணியில வடிகட்டித்தான் குடிக்கறோம்.”

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

“எப்பவும் போலவா?” என்றார்.

‘இல்லீங்க மேடம்’ நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை நாள் பழக்கம். அன்றைக்கு அது வரவில்லை.

“என்ன துணி அக்கா?”

“துண்டுங்க. கைத்தறித் துண்டு.”

“அப்ப, நாம பாத்தப்ப, புதுசா?”

“புதுசுங்க.”

“கஞ்சி,” என்றார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

“ஆமாங்க மேடம்.”

“மூணு தடவையுமா?”

“மூணு தடவையும்.”

“வெறுந்தண்ணிய?”

குழாய் மூடாமல் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி மூடினேன்.

“அத மட்டும் வடிகட்டலீங்க மேடம். தெரிஞ்சேதான்.”

ஏன் என்று கேட்பார் என்று நின்றேன். சார், கான்ட்ராக்ட், செல்வி, பைப் எல்லாம் வரிசையாகத் தொண்டையில் வந்து நின்றன. அவர் கேட்கவில்லை. அங்கே பள்ளிக்கூட மணி அடித்தது.

“அப்ப மெஷின் சரியாத்தான் இருந்துச்சு,” என்றார். கொஞ்சம் கழித்து, “என் கையும்” என்றார். வைத்துவிட்டார்.

மூன்று தடவை பார்க்காமல் தன் காய்ச்சலையே நம்பாதவர். திரும்பக் கூப்பிட்டு, நிஜமாவா அக்கா என்று இன்னொரு தடவை கேட்பார், அப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அன்றிலிருந்து போனில் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். சத்தம் வைத்திருக்கிறேனா என்று மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன். வரவில்லை.

இதையும் ஒரே தடவையில் நம்பிவிட்டார்.